"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

பத்தாம் வகுப்புப் பிள்ளை மனம்விட்டுப் பேசுவதற்கு முன் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் அதற்கு இருக்கும் வழிகளை இதை வைத்தே எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் 14416. டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், எதிரே முகம் இல்லை. கூச்ச சுபாவப் பிள்ளைக்கு இதுவே பெரிய நிம்மதி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல வீடுகளில் போனே அம்மாவுடையதுதான். பேசி முடித்தபின் எண் அதில் பதிந்து நிற்கும். அடுத்த முறை அழைத்தால் வேறொரு குரல் எடுக்கலாம், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். (கடைசி எண்ணை மாற்றி 14417 அழுத்திவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம். பயப்பட ஒன்றுமில்லை.)

பள்ளியில் ஆசிரியரிடம் சொன்னால் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. முகம் வாடியிருந்தால் அவருக்கே தெரியும். ஆனால் பள்ளியில் தனியறை ஏது? டீ நேரத்தில் ஒருவரிடம் வாய்தவறினால் மாலைக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிடும். நம்பகமான ஓர் ஆசிரியர் அமைந்தால் இதைவிட நல்ல வழி இல்லை, அமைவது அதிர்ஷ்டம்.

பாலியல் தொல்லை என்றால் கதையே வேறு. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098தான் சரி. வெறும் பேச்சோடு நிற்காமல், நேரில் வந்து தலையிடுவார்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், செலவில்லை. ஆனால் 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் இல்லாமல் சிகிச்சை நகராது. ஆக, அம்மாவுக்குத் தெரிந்தே தீரும். பள்ளிக்கு லீவு போட்டு, ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார வேண்டும். இருந்தாலும் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் இங்கேதான் போக வேண்டும். போனில் தீருகிற விஷயம் இல்லை அது.

என்னைக் கேட்டால் முதல் அழைப்பு 14416க்கு. அம்மாவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதையே அங்கே கேட்டுக்கொள்ளலாம்.