ஹைபிரிட் கார் பேட்டரியில் ஓடும் என் சைக்கிள்: இரண்டரை வருட அனுபவம்

தவளக்குப்பத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்கு வேலைக்குப் போய்வர எனக்கு 15 கிலோமீட்டர் சொச்சம். 2023 ஜூன் முதல் இந்த வழியில் என் எலக்ட்ரிக் சைக்கிள், ஒரு கேம்ரி ஹைபிரிட் காரிலிருந்து (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார்) கழற்றிய பேட்டரியில் ஓடுகிறது. 11,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மூன்று மழைக்காலமும் இரண்டு கத்திரி வெயிலும் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பேட்டரி கிடைத்தது கடலூர் செம்மண்டலத்தில் கார் எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம். ஒரு வாடிக்கையாளர் புது பேட்டரி மாற்றிக்கொண்டு பழையதை விட்டுவிட்டுப் போயிருந்தார். மாட்யூல் எனப்படும் சிறு பேட்டரிகள் வரிசையாகச் சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. "காயலான் கடைக்குப் போட மனசு வரல மாமா, 34 மாட்யூல்ல மூணுதான் போயிருக்கு" என்றான். பெட்டியைப் பிரித்தது அவன்தான். முழு பேட்டரி 244.8 வோல்ட் டி.சி.; ஆளைக் கொல்லும். பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவி, பத்து நிமிடம் பொறுத்து, ரப்பர் கையுறை போட்டுத்தான் கை வைத்தான். இந்த வேலை தெரியாதவர்கள் தயவுசெய்து பெட்டியைத் திறக்காதீர்கள். தனித்தனியாகக் கழற்றிய மாட்யூலாக வாங்குங்கள்.

ஒவ்வொரு மாட்யூலும் 7.2 வோல்ட், கொள்ளளவு 6.5 ஆம்பியர்-அவர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு. காரில் இதன் வேலை, பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தை வாங்கி, வண்டி கிளம்பும்போது சட்டென்று திருப்பிக் கொடுப்பது. வாய் அகன்ற சொம்பு மாதிரி: கொள்வது கொஞ்சம், ஊற்றுவது வேகம். என் 250 வாட் மோட்டாருக்கு 7 ஆம்பியர் என்பது இதற்கு விளையாட்டு. அரியாங்குப்பம் பாலத்தில் எதிர்க்காற்றில் ஏறும்போதுகூட வோல்டேஜ் தொய்வதே இல்லை. முன்பு வைத்திருந்த லெட் ஆசிட் பேட்டரி அதே இடத்தில் மூச்சு வாங்கும்.

மீதி 31 மாட்யூலையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முழுதாக சார்ஜ் செய்து, கார் ஹெட்லைட் பல்பை மாட்டி, 6 வோல்ட் வரும்வரை எத்தனை நிமிடம் எரிகிறது என்று நோட்டில் குறித்தேன். ஒரு செல் செத்திருந்தால் மீட்டர் சுமார் 1.2 வோல்ட் குறைத்துக் காட்டிவிடும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சோம்பேறி மாட்யூல்தான் ஏமாற்றும். வோல்டேஜ் நன்றாகக் காட்டும், பல்பைப் போட்டால் பாதியில் படுத்துவிடும். மூன்று வாரம் பிடித்தது. ஏறக்குறைய 5 ஆம்பியர்-அவர் கொடுத்த, ஒன்றுக்கொன்று நெருக்கமான பத்தை எடுத்து, ஐந்தைந்தாக இரண்டு வரிசை கட்டினேன். ஐந்து மாட்யூல் என்றால் 36 வோல்ட், 30 செல். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் சாதாரண 36 வோல்ட் கண்ட்ரோலர், 30 வோல்ட் பக்கம் அதை நிறுத்திவிடும். செல்லுக்கு 1 வோல்ட் என்பதுதான் இந்த வகைக்கும் கீழ் எல்லை. அது தானாகவே பொருந்திப் போனதில் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தவறு செய்தது சார்ஜிங்கில். இரண்டு வரிசையையும் ஒன்றாக இணைத்து ஒரே சார்ஜரில் போட்டேன். இந்த வகை செல் நிறைந்ததும் வோல்டேஜ் ஏறுவதற்குப் பதில் லேசாக இறங்கும், கூடவே சூடாகும். முதலில் நிறைந்த வரிசையின் வோல்டேஜ் இறங்க, சார்ஜர் கரண்ட்டை அதற்கே அள்ளிக் கொடுத்தது. ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி தொட்டுப் பார்த்தபோது கை வைக்க முடியவில்லை. ஒரு மாட்யூல் வயிறு உப்பிவிட்டது. லித்தியம் சார்ஜரும் இதற்கு ஆகாது, அது கணக்குப் போடும் முறையே வேறு. இப்போது வரிசைக்கு ஒரு சார்ஜர், 1 ஆம்பியர், டைமர், மாட்யூல் இடுக்கில் ஒரு வெப்ப சென்சார். மோட்டாருக்குப் போகும் பக்கம் வரிசைக்கு ஒரு டயோடு. ஒன்று மற்றொன்றுக்குள் கரண்ட் தள்ளாது. வெயில் காலத்தில் வேலையிலிருந்து வந்ததும் சார்ஜ் போடுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு டைமர் போடும். சூட்டில் இது சார்ஜை சரியாக வாங்காது.

இன்னொன்று, மாட்யூல்களைக் காரில் இருந்ததுபோல் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் உப்பும். இரண்டு பக்கமும் தடித்த அலுமினியத் தகடு வைத்து, நீள போல்ட் போட்டு முடுக்கினேன். கடல் காற்றில் செம்புப் பட்டைகளில் களிம்பு ஏறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்து, வாசலின் தடவி மாட்டுகிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில் கரையைக் கடந்தபோது முதலில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது இந்தப் பெட்டியைத்தான். கரண்ட் இல்லாத நாட்களில் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு கன்வர்ட்டர் வைத்து 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு இரண்டும், வீட்டு போன்களும் இதில்தான் ஓடின. அம்மா அதற்கு முன்புவரை இந்தப் பெட்டியை வீட்டுக்குள் விடமாட்டார்.

குறை என்றால் எடைதான். பெட்டியோடு 12 கிலோ. இதே தூரம் ஓட லித்தியம் 3 கிலோ போதும். பெடலோடு சேர்த்து 30 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஒரு மாதம் சும்மா வைத்தால் சார்ஜ் நன்றாகவே வடிந்துவிடும், தினமும் ஓட்டாதவருக்கு இது சரிவராது. தீப்பிடிக்கும் பயம் லித்தியத்தைவிடக் குறைவு, ஆனால் ஸ்பேனர் தவறி முனைகளில் விழுந்தால் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருப்பதால் பதிவு, லைசென்ஸ் வேண்டியதில்லை.

போன வாரம் மறுபடி பல்பு மாட்டி அளந்தேன். பழைய ஒன்பதும் 4 ஆம்பியர்-அவருக்கு மேல் கொடுக்கின்றன. உப்பியதற்குப் பதில் போட்டது கொஞ்சம் பின்தங்குகிறது, பொங்கலுக்குள் அதை மாற்ற வேண்டும். உப்பினதை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். செத்த மாட்யூல்களை அவன் மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் சேர்த்து அனுப்புகிறான்.