தமிழ் ‘இது’, மலாய் ‘இத்து’: எது கைக்கெட்டும்?

சிங்கப்பூரின் கேலாங் சிராய் உணவுக் கடையில் இரண்டு மீன் தட்டுகள். பக்கத்தில் இருப்பதைக் கேட்க நினைத்து “இத்து” என்கிறோம். விரல் காட்டும் திசை கண்ணாடித் தடுப்பால் தெளிவாகத் தெரியாவிட்டால், கடைக்கார மக்சிக் (மூத்த மலாய்ப் பெண்ணை அழைக்கும் சொல்) நம் சொல்லைத்தான் நம்புவார். தள்ளியிருக்கும் மீனை எடுத்து வைப்பார். அவர் சரியாகத்தான் செய்கிறார். தமிழ் ‘இது’ அண்மைச் சுட்டு. மலாய் ‘இத்து’ நம் ‘அது’.

தமிழ் திராவிட மொழி, மலாய் ஆஸ்திரோனேசிய மொழி. ஒலி ஒத்திருப்பது தற்செயலே. அதுவும் முழு ஒற்றுமை அல்ல: நம் ‘இது’வில் தகரம் மெலிந்து ஒலிக்கும், மலாயில் வல்லோசையாகவே நிற்கும்.

பக்கத்தில் இருப்பதற்கு மலாயில் ‘இனி’. இங்கேதான் இரண்டாவது குழி. நமக்கு ‘இனி’ என்றால் இதற்குப் பிறகு. ‘ஹாரி இனி’ என்பதோ இன்றைய நாள், வரப்போகும் நாள் அல்ல.

சொல் நிற்கும் இடமும் மாறும். தமிழில் ‘இது’ பெயருக்கு முன் ‘இந்த’ ஆகிறது: இந்த மீன். மலாயில் வடிவம் மாறாது, பெயருக்குப் பின்னால் வரும்: ‘ஈக்கான் இனி’. முன்னால் வைத்து ‘இனி ஈக்கான்’ என்றால் “இது மீன்” என்று முழு வாக்கியமாகிவிடும்! பேச்சில் ‘இனி’, ‘இத்து’ இரண்டும் ‘நி’, ‘து’ என்று குறுகும். இடம் கேட்கையில் ‘சினி’ இங்கே, ‘சித்து’ அங்கே. இந்த இணையை மனத்தில் வைத்தால் ‘இத்து’ தொலைவுக்குரியது என்பது மறக்காது.