எழுவான்கரை உறுதியா, படுவான்கரை பேர்மிட்டா?

மட்டக்களப்பில் காணி தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பேரங்கள் வருகின்றன. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பத்துப் பேர்ச்சஸ் உறுதிக்காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி; வாவியைத் தாண்டினால் மேற்கே படுவான்கரையில் ஏக்கர்க் கணக்கில் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. விலையை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் மனதை இழுக்கும். ஆனால் உரிமை யாருடையது என்று தேட வேண்டிய இடமே இரண்டுக்கும் வேறு.

உறுதிக்காணிக்குக் காணிப் பதிவகம். உறுதியிலுள்ள தொகுதி, பக்க இலக்கத்தைக் கொண்டு குறைந்தது 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவது உறுதி எழுதும் நொத்தாரிசுமார் வழக்கம். பதிவு செய்யப்பட்ட ஈடு (காணியைப் பிணையாக வைத்து வாங்கிய கடன்), நிலுவையிலுள்ள வழக்கு எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வரும். எங்கள் பகுதியில் நான் முதலில் தேடச் சொல்வது ஆயுட்கால உரிமையை. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும் தாய், தான் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். அக்கா வாங்கப் பார்த்த ஒரு வீட்டில், விற்பவர், விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மூதாட்டியை ஒரு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்தவில்லை. பதிவேட்டில் ஒரு வரி இருந்தது: அந்த மூதாட்டியின் ஆயுட்கால உரிமை. அக்கா கொடுத்திருந்த முற்பணத்தைத் திரும்பப் பெற ஏழு மாதம் அலைந்தோம்.

பதிவேடு சொல்லாததும் உண்டு. பத்தாண்டுகள் உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம். அதனால் காணியில் நின்று, கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுகிறார்கள், வேலி யாருடையது என்று அயலாரிடம் கேளுங்கள். கடலோரமாக இருந்தால், கரையிலிருந்து 300 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

பேர்மிட் காணிக்குப் பதிவகத்தில் நாள் முழுவதும் தேடினாலும் பாதி விடைகூடக் கிடைக்காது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளைப் பேரேட்டில் பேர்மிட் யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணியைப் பெறப் பெயர் குறிக்கப்பட்டவர், யார் என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பேர்மிட் கொடுக்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. வெள்ளைத்தாள் ஒப்பந்தமும், ஒருவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமும் உங்களை உரிமையாளர் ஆக்கமாட்டா. பேர்மிட்டுக்குப் பின் அதே சட்டத்தின்கீழ் அரசு தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்துவிட்டது என்று காட்டினாலும் ஒப்புதல் தேவையே.

என்னைக் கேட்டால், சிறிதானாலும் உறுதிக்காணிதான். பேர்மிட் காணிதான் வேண்டுமென்றால், ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பிறகே முற்பணத்தை எண்ணுங்கள்.