பழைய ஆல்டஸ் டீரெய்லரில் 40 பல் கேசட்: இரண்டு மழைக்காலம் ஓட்டிய பிறகு

என் வண்டி 8 ஸ்பீடு ஹைப்ரிட் சைக்கிள். முன்னால் 46, 30 பல்லில் இரண்டு சக்கரங்கள், பின்னால் 11 முதல் 32 பல் வரையிலான கேசட் (பற்சக்கர அடுக்கு), செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஷிமானோ ஆல்டஸ் எம்310 டீரெய்லர். சேலத்துக்குள் சுற்ற இது தாராளம். ஏற்காட்டு மலையில்தான் போதவில்லை. 30-32 கியரில் (முன்னால் 30, பின்னால் 32) பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமென்றால் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எனக்கு அந்த வேகம் வராது. மிதி தளர்ந்து, பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். பின்னால் 40 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான், அதே 60 சுற்றை 6 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்திலேயே மிதிக்கலாம்.

புது டீரெய்லர், ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) என்று முழுசாக மாற்றினால் வண்டியின் இன்றைய மதிப்பில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். அதனால் சன்ரேஸ் 8 ஸ்பீடு 11-40 கேசட், சில நூறு ரூபாய்க்கு ஹேங்கரை, அதாவது டீரெய்லர் தொங்கும் துண்டை, நீட்டும் ஒரு ஹேங்கர் எக்ஸ்டெண்டர், புது செயின், கொஞ்சம் நீளமான கேபிள் அவுட்டர். இவ்வளவுதான் வாங்கினேன். எக்ஸ்டெண்டர் டீரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுகிறது, அவ்வளவே. ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் அளவும், அதற்கு டீரெய்லர் நகரும் தூரமும் மாறுவதில்லை. ஆகவே பழைய ஷிஃப்டரோடு இண்டெக்ஸிங் (ஒரு கிளிக்குக்கு ஒரு பல் என்ற ஒழுங்கு) சரியாகவே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எம்310-க்குக் கம்பெனி சொல்லும் பெரிய பல் 34, செயின் கொள்ளளவு (டீரெய்லர் இழுத்துக்கொள்ளக்கூடிய தொய்வு, பல் கணக்கில்) 43. எக்ஸ்டெண்டர் முதல் எண்ணைத்தான் தாண்ட வைக்கும், இரண்டாவதைத் தொடாது. செயினை இழுத்துப் பிடிக்கும் டீரெய்லர் கையின், அதாவது கேஜின், நீளம் அதேதானே. பின்னால் 40-லிருந்து 11-ஐக் கழித்தால் 29, முன்னால் 46-லிருந்து 30-ஐக் கழித்தால் 16, மொத்தம் 45. இரண்டு பல் அதிகம். அந்த இரண்டையும் எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். செயினைக் குட்டையாக வெட்டிவிட்டு, என்றாவது ஒருநாள் கை தவறி 46-40 விழுந்தால் கேஜ் முறுக்கிக்கொண்டு ஹேங்கரையும் ஒடித்துவிடும். அதனால் பெரியதும் பெரியதும் தாங்கும் நீளத்துக்கே வைக்க வேண்டும். எனக்கு 116 கண்ணி செயினை ஒரு கண்ணிகூட வெட்டாமல் போட வேண்டியிருந்தது. இதற்கு விலையாக 30-11-ல் செயின் தொய்கிறது. அந்தக் கியர் யாருக்கும் தேவையில்லை. 46-ல் நடுப்பல் போட்டாலே அதே வேகம் கிடைக்கும்.

மாட்டிய பிறகு பி-ஸ்குரூவை (டீரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் திருகு) 30-40 கியரில் வைத்துத் திருப்புங்கள். டீரெய்லரில் செயின் ஓடும் சின்னச் சக்கரங்களில் மேலே உள்ள ஜாக்கி வீலுக்கும் பெரிய பல்லுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வந்தால் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஏற்கெனவே மந்தமான சின்னப் பற்கள் இன்னும் மந்தமாகும்.

மந்தம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி வீல் சின்னப் பற்களை விட்டுத் தள்ளிப் போய்விட்டதால், 13-லிருந்து 11-க்குச் செயின் உடனே விழாது, ஒரு நொடி யோசித்துத்தான் விழும். பற்களுக்கு இடையே தாவலும் பெரிதாகிவிட்டது. சமதரையில் கூட்டமாக வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு மலை முக்கியம். பையில் சுமையோடு கொல்லிமலையின் 70 வளைவுகளையும் இறங்கித் தள்ளாமல் ஏற முடிகிறது. மறுநாள் முழங்காலில் வலி இல்லை. இதற்காக அந்த ஒரு நொடியை மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

மழையில் எக்ஸ்டெண்டர் போல்ட் மெல்ல இளகுகிறது. இப்போது ஹேங்கருக்கும் டீரெய்லருக்கும் நடுவே ஒன்றுக்கு இரண்டு இணைப்புகள். 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அலுமினிய மரைதான், வெறியோடு முறுக்கக் கூடாது. டீரெய்லர் கீழே தொங்குவதால் வண்டியை வலப்பக்கம் சாய்த்து நிறுத்துவதையும் விட்டுவிட்டேன். ஹேங்கர் லேசாக வளைந்தாலும் 40-ல் ஏறும்போது கடகடவெனச் சத்தம் வரும்.

34-ஐ விடக் கொஞ்சம் பெரியது போதும் என்பவர்கள் முதலில் 36 போட்டுப் பாருங்கள். பி-ஸ்குரூவை உள்ளே திருகினால் பெரும்பாலான வண்டிகளில் எக்ஸ்டெண்டர் இல்லாமலே ஓடிவிடும். ஷிமானோவின் 9 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர் பழையது கைக்குக் கிடைத்தால் அதையும் 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு தயங்காமல் மாட்டலாம், இழுவை விகிதம் ஒன்றேதான். ஆனால் 7 ஸ்பீடு வண்டிக்காரர்கள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகே காசை எடுங்கள். மரையில் திருகும் ஃப்ரீவீல் என்றால் கேசட் ஏறாது. அதற்கு 14-34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீல்தான் வழி. 24-லிருந்து நேராக 34-க்குத் தாவினாலும் ஏற்றத்தில் அந்தக் கடைசிப் பல் காப்பாற்றும்.