840 யூரோ கொடுத்துக் கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம்: பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

முழுதாக 840 யூரோ. நம் ரூபாயில் எண்பதாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு நாங்கள் பார்த்தது ஒரு கோட்டையின் வெளிச்சுவர், இன்னொரு கோட்டையின் மதில், மூன்றாவது கோட்டைக்குப் போகும் பாதையில் நிற்கும் மரங்கள். இவை போக, யாரும் கேட்காத ஒரு ஒயின் கிடங்கில் ஒன்றரை மணி நேரம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும், விடு’ என்று வீட்டிலேயே அமுக்கிவிடுவார்கள்.

பெயர்களை எழுதவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. அடையாளம் மட்டும் சொல்கிறேன். ஊர் ஊராகச் சுற்றுலாக்களை விற்கும் பெரிய இணையதளம் ஒன்று. அதில் கடை விரித்திருக்கும், பாரிஸிலிருந்து எட்டு இருக்கை வேன் ஓட்டும் சிறு நிறுவனம் ஒன்று. இருவரும் கூட்டா, தனித்தனியா என்று எனக்குத் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் மட்டும் அவர்கள் தனித்தனி.

அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஈஃபில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, ‘சரி, பார்த்தாயிற்று’ என்று திரும்பி நடந்தவர். அவர் கேட்டது ஷெனோன்சோ. ஷேர் ஆற்றின் மேல் பாலம்போல் நீண்டு கிடக்கும் அரண்மனை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட பகுதிக்கும், பிடிக்காமல் விட்ட பகுதிக்கும் அந்த ஆறுதான் எல்லையாக இருந்தது. வாசல் ஒரு பக்கம், ஆற்றின் மேலுள்ள நீண்ட கூடத்தின் தெற்குக் கதவு மறுபக்கம். அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். வகுப்பில் ஆண்டுதோறும் சொன்ன கதையாம்; அந்தக் கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும் என்றார். எழுபது வயதைத் தாண்டியவர் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

தளத்தில் இருந்த விளம்பரத்தில் ஷாம்போர், அம்புவாஸ், ஷெனோன்சோ மூன்றும் ஒரே நாளில். ‘மூன்று கோட்டைகளின் நுழைவுச் சீட்டும் கட்டணத்தில் அடக்கம், வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆளுக்கு 140. குழந்தைகளுக்கும் அதே 140. ஆறு பேருக்கு 840.

பணம் கட்டுவதற்கு முன் அந்த வேன் நிறுவனத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம், சமாளிக்க முடியுமா? தட்டச்சு செய்து பதில் போடுவார்கள் என்று நினைத்தால், அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். பேசியவர் அவ்வளவு பதவிசு. எந்த முழங்கால் என்று கேட்டார். வேனில் ஏற மடக்குப் படி ஒன்று கொண்டுவருவதாகவும், முன் இருக்கையை அப்பாவுக்கே ஒதுக்குவதாகவும் சொன்னார். ‘ஷாம்போரின் நடுப் படிக்கட்டில் அவர் ஏற வேண்டாம் மேடம், கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், நானே பக்கத்தில் நிற்கிறேன்’ என்றார். தன் அம்மாவுக்கும் இதே முழங்கால் தொல்லைதான் என்று ஒரு கதையும் சொன்னார். இப்படிப் பேசுகிறவரிடம் டிக்கெட்டைப் பற்றி இரண்டாவது தடவை யார் கேட்பார்கள்? அவர் தொலைபேசியை வைத்த கையோடு அட்டையைப் போட்டு 840 யூரோவைக் கட்டினேன்.

மடக்குப் படி வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் கொடுத்த வாக்குகளில் காப்பாற்றப்பட்டது அந்த ஒன்றுதான்.

வேன் ஏழு மணிக்கு வர வேண்டியது, எட்டு மணிக்குச் சற்று முன் வந்தது. தொலைபேசியில் பேசியவர் இல்லை, வேறு ஓட்டுநர். பிரேசிலிலிருந்து வந்த தம்பதி ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷாம்போரை நெருங்கும்போது டிக்கெட்டைக் கேட்டேன். ‘அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வரும்’ என்றார். வரவில்லை. வாகன நிறுத்தத்தில் இறங்கியதும், ‘கூட்டம் அதிகம், இங்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள், கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனால் கோட்டை முழுதாகத் தெரியும், நாற்பது நிமிடம்’ என்று சொல்லிவிட்டு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

ஷாம்போரை வெளியிலிருந்து பார்க்க எவரும் ஒரு காசு கேட்பதில்லை. வண்டி நிறுத்தத்தான் கட்டணம். 1519இல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அதன் உயிர் உள்ளே இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டில் இருக்கிறது: ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், எங்கும் எதிர்ப்பட மாட்டார்கள். என் பையன் அதற்காகவே வந்தான். சரி, நாமே வாங்கிவிடலாம் என்று டிக்கெட் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இங்கே கட்டணமே கிடையாது. ஆக, என் இரண்டு குழந்தைகளுக்கும் ‘நுழைவுச் சீட்டு அடக்கம்’ என்று வாங்கியதில் ஷாம்போரின் பங்கு எதற்கு? வரிசையில் நிற்கட்டுமா என்று ஓட்டுநரிடம் கேட்டால், ‘நில்லுங்கள், ஆனால் வேன் கிளம்பிவிடும், மற்ற இருவரின் நாளைக் கெடுக்க முடியாது’ என்கிறார். அந்த இருவரும் டிக்கெட் எங்கே என்று அவரிடம்தான் கேட்டுக்கொண்டு நின்றார்கள்! பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர்கள் வேறொரு தளத்தில் ஆளுக்கு 95 கொடுத்திருக்கிறார்கள். அதே வேன், அதே நாள்.

அம்புவாஸில் பாலத்தின் மேல் நிறுத்தினார். மதில் தெரிந்தது. லியோனார்டோ டா வின்சியின் கல்லறை இருக்கும் சிறு தேவாலயம் கோட்டை வளாகத்துக்குள் இருக்கிறது. உள்ளே போகாமல் அதைப் பார்க்க வழியில்லை. ‘உள்ளே வந்து நீங்கள் விளக்க வேண்டுமல்லவா?’ என்று கேட்டேன். உரிமம் பெற்ற வழிகாட்டிகள்தான் உள்ளே விளக்கலாம், ஓட்டுநர் விளக்கினால் சட்டப்படி குற்றம் என்று எனக்கே பாடம் எடுத்தார். சட்டம் அப்படித்தான், உண்மை. விளக்க வேண்டாம் ஐயா, டிக்கெட்டைக் கொடுங்கள் போதும் என்றால் அதற்கு மட்டும் பதில் இல்லை.

அம்புவாஸிலிருந்து ஷெனோன்சோ தெற்கே, பதினைந்து கிலோமீட்டருக்குள். வேன் போனது மேற்கே, வுவ்ரேவுக்கு. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து ஒயின் கிடங்கு வைத்திருக்கும் ஊர். ஒயின் வாசனையே ஆகாத என் அம்மாவையும், பன்னிரண்டு வயதும் ஒன்பது வயதும் ஆன குழந்தைகளையும் அந்தக் குளிரில் உட்காரவைத்து, ஆறு வகை ஒயினைப் பற்றி விளக்கம். ஓட்டுநர் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்தவர் பெயர் சொல்லித் தோளில் தட்டி வரவேற்றார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்றதும் ஓட்டுநரின் முகம் சுருங்கியதே, அதிலேயே கணக்கு புரிந்துவிட்டது.

ஷெனோன்சோ போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த அரண்மனை வாசலிலிருந்து தெரியாது. டிக்கெட் வாங்கும் இடத்தைத் தாண்டி, இருபுறமும் உயர்ந்த மரங்கள் நிற்கும் நீண்ட பாதையில் நடந்தால்தான் கண்ணில் படும். அப்பா கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மரங்களைப் பார்த்தார். ‘ஆறு எந்தப் பக்கம்?’ என்று என்னிடம் கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். ஓட்டுநர் பின்னாலிருந்து, ‘படம் எடுக்கட்டுமா சார்?’ என்றார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்து ஆரம்பித்தது பந்தாட்டம். தளத்தில் புகார் கொடுத்தால் இயந்திரம் பதில் சொல்கிறது: ‘உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம், சேவை வழங்குநரைத் தொடர்புகொள்ளவும்.’ வேன் நிறுவனத்தை அழைத்தால் அதே பதவிசுக் குரல், ஆனால் என்னை நினைவே இல்லை: ‘பணம் தளத்திடம் அல்லவா கட்டினீர்கள்? அங்கே கேளுங்கள்.’ போக்குவரத்து நெரிசல் தங்கள் கையில் இல்லையாம். ஒயின் கிடங்கு ‘அன்பளிப்பாகச் சேர்த்த நிகழ்ச்சி’யாம். மறுபடி தளத்துக்கு வந்தால் ஒருவழியாக மனிதர் ஒருவர் எழுதினார். என்ன கேட்டார் தெரியுமா? நாங்கள் கோட்டைக்குள் போகவில்லை என்பதற்குப் புகைப்படச் சான்று அனுப்ப வேண்டுமாம். போகாத இடத்தில் எப்படிப் படம் எடுப்பது? மூடிய கதவுக்கு முன் அப்பா நிற்கும் படத்தை அனுப்பினேன். ‘வாடிக்கையாளர் இடத்துக்குச் சென்றது உறுதியாகிறது’ என்று அதையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

கடைசியில் கருணை காட்டினார்கள்: அடுத்த முன்பதிவில் 15 விழுக்காடு தள்ளுபடி. 840 யூரோவை விழுங்கியவர்களிடம் மறுபடியும் பணம் கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்களாம். நான் எழுதிய மதிப்புரையை ‘விதிகளுக்கு உட்படவில்லை’ என்று நீக்கிவிட்டார்கள். விளம்பரத்தில் ‘நுழைவுச் சீட்டு அடக்கம்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘நுழைவு, சூழ்நிலையைப் பொறுத்து’ என்று இருக்கிறது. பழைய பக்கத்தை நான் சேமித்துவைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. வங்கியில் அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ‘வேனில் ஏறினீர்கள் அல்லவா?’ என்று அங்கேயும் ஒரு கேள்வி. சிக்னல்கோன்சோ என்ற அரசுத் தளத்திலும் பதிந்துவிட்டேன். அது பணத்தை வாங்கித் தராது; நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் தகவல் போகும், அவ்வளவுதான்.

எப்படிப் போவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பொறுமை இல்லை. முக்கியமானவை மட்டும்:

நுழைவுச் சீட்டை அந்தந்தக் கோட்டையின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். சீட்டு உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும், ஓட்டுநரின் வாயில் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இலவசமா என்று முதலில் பாருங்கள்.

வேனே வேண்டாம். தூர் நகரிலிருந்து ஷெனோன்சோவுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது, நிலையம் அரண்மனை வாசலை ஒட்டியே இருக்கிறது. ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். ஷாம்போருக்கு பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ளுவா வரை ரயில், அங்கிருந்து பருவகாலத்தில் பஸ்.

ஒரே நாளில் மூன்று கோட்டை என்று எவராவது சொன்னால் ஓடிவிடுங்கள். வேறு வழியில்லாமல் நிறுவனத்தோடுதான் போகிறீர்கள் என்றால், பிரான்ஸில் பதிவுபெற்ற பயண முகவருக்கு ஐ.எம். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். நான் இப்போது கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. தேதி குறித்த சுற்றுலாவுக்கு 14 நாள் ரத்து உரிமை இங்கே பொருந்தாது, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். விளம்பரப் பக்கத்தைக் கட்டணம் கட்டும் அன்றே படம் பிடித்துவையுங்கள்.

பிரேசில் தம்பதி தங்கள் ரசீதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். பாரிஸிலிருந்து எட்டு இருக்கை வேனில் போய் இதேபோல் வுவ்ரே கிடங்கில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தனிச்செய்தியில் ரசீதை அனுப்புங்கள். 840 யூரோவை நான் விடுவதாக இல்லை.