வெளிநாட்டில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தால்: என் புரோக்கர் சொன்னதும் நடந்ததும்

போன செப்டம்பரில் போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி, ஸ்பெயினின் சான்டாண்டரில் இறங்கி, அங்கிருந்து பைக்கிலேயே போர்ச்சுகலின் தென்கோடிக்குப் போனேன். ஃபாரோவில் நண்பர் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் திரும்பிவிட்டேன். குளிர்காலம் முடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். பிரிட்டனில் பதிவான வண்டி, பிரிட்டன் இன்சூரன்ஸ்.

கிளம்பும்போதே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. பாலிசி வாங்கித் தந்த புரோக்கர் 'கிரீன் கார்டு கட்டணம்' என்று 25 பவுண்டு தனியாக வாங்கினார். கிரீன் கார்டு என்பது வெளிநாட்டிலும் வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு என்று காட்டுகிற சான்று. பிரிட்டன் வண்டிகள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போக 2021 ஆகஸ்ட் 2 முதல் அது தேவையே இல்லை. தேவையில்லாத காகிதத்துக்குக் காசு வாங்கியவரிடம்தான் அடுத்த யோசனையும் கேட்டேன்.

நவம்பரில் பாலிசி முடிகிற நேரம். வண்டி ஃபாரோவில் நிற்கிறது, வசந்தத்தில்தான் எடுப்பேன் என்று மின்னஞ்சலில் எழுதினேன். அவர் உடனே போனில் கூப்பிட்டார். "ஓடாத வண்டிக்கு எதற்கு ரோடு இன்சூரன்ஸ்? திருட்டுக்கும் தீ விபத்துக்கும் மட்டும் ஒரு பாலிசி இருக்கிறது, விலையில் கால்வாசிதான். வண்டி வெளிநாட்டில் இருக்கிறதால் இந்த ஊர்ச் சட்டம் அதைத் தொடாது." கேட்க நன்றாகத்தான் இருந்தது. சரி என்றேன். அவர் சொன்னது எதுவும் எழுத்தில் இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஜனவரியில் வீட்டுக்குக் கடிதம் வந்தது: உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகப் பதிவில் இல்லை, உடனே கவனியுங்கள் என்று. பிரிட்டனில் 2011 முதல், வண்டியை ஓட்டினால்தான் குற்றம் என்பதில்லை. பதிவாகியிருக்கிற வண்டிக்கு ரோடு இன்சூரன்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அதுவும் லாக் புக்கில், அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். கம்ப்யூட்டர் ஒரு பக்கம் வாகனப் பதிவையும் இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ் டேட்டாபேஸையும் வைத்து ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். வண்டி ஃபாரோவில் நின்றால் அதற்கென்ன? முதலில் 100 பவுண்டு அபராதம், கோர்ட்டுக்குப் போனால் 1,000 வரை. எனக்கு விற்ற திருட்டு–தீ பாலிசி அந்த டேட்டாபேஸில் ஏறவே ஏறாது, ஏனென்றால் அதில் தேர்ட் பார்ட்டி கவர், அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு, இல்லை.

புரோக்கரைக் கூப்பிட்டேன். "அப்படியா? அப்போ சோர்ன் போட்டுவிடுங்கள்" என்றார், ஏதோ உப்பு குறைகிறது என்பது போல. சோர்ன் என்பது வண்டியைச் சாலையில் எடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்குக் கொடுக்கிற அறிவிப்பு; அது இருந்தால் இன்சூரன்ஸ் கேட்க மாட்டார்கள். அது பிரிட்டனுக்குள் தனியார் இடத்தில் நிற்கிற வண்டிக்கு உரியது. போர்ச்சுகலில் நிற்கும் வண்டிக்கு அதைப் போட்டால் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதாகத்தான் ஆகும். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக வெளிநாட்டில் இருக்கிற வண்டிக்கு இங்கே சாலை வரியும் எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டிப் பரிசோதனைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நிரந்தர ஏற்றுமதி என்று அறிவித்துவிட வேண்டும். இதெல்லாம் டிவிஎல்ஏ வெளிப்படையாகச் சொல்கிற விஷயம். நானே படித்திருக்கலாம், படிக்கவில்லை.

பயத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தபோது ஒரு போர்ச்சுகல் வழக்கு கண்ணில் பட்டது. அன்று இரவு தூக்கம் போனது அதனால்தான். உடல்நலக் குறைவால் ஓட்டுவதை நிறுத்திய ஒரு பெண் காரைத் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார், இன்சூரன்ஸ் இல்லை. 2006இல் மகன் அவருக்குத் தெரியாமல் அதை எடுத்துப் போக, விபத்தில் அவனும் கூட வந்த இருவரும் இறந்துபோனார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்துகளுக்கு நஷ்டஈடு தருகிற அந்நாட்டு நிதியம், பலியான பயணிகளின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, 4,37,000 யூரோவுக்கு மேல் திருப்பித் தரச் சொல்லி அந்தப் பெண் மீது வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 செப்டம்பர் 4 அன்று சொன்னது: பதிவில் இருந்து, ஓடும் நிலையிலும் இருக்கிற வண்டி தனியார் இடத்தில் நின்றாலும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும். அது போர்ச்சுகல் பதிவு வண்டி, என்னுடையது பிரிட்டன் வண்டி, உண்மைதான். ஆனால் நான் சாவியை நண்பரிடமே கொடுத்து, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவன். அவருக்கு இரண்டு பையன்கள்.

இதற்கு நடுவில் பார்க்கிங்கில் யாரோ புகுந்து வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிகள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சரி, திருட்டுக்குத்தானே பாலிசி எடுத்தோம் என்று க்ளெய்ம் போட்டேன். பதில் இரண்டே வரி: பாலிசியில் உள்ள பிரிட்டன் முகவரியில் பூட்டி வைத்திருந்தால் மட்டுமே செல்லும். அந்த முகவரியை நிரப்பியது புரோக்கர், வண்டி ஃபாரோவில் இருக்கிறது என்ற என் மின்னஞ்சல் கையில் இருக்கும்போதே.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வருவதும் லேசாக இல்லை. புது பாலிசிக்குக் கூப்பிட்ட மூன்று கம்பெனிகளும், பாலிசி தொடங்கும் நாளில் வண்டி பிரிட்டனில் இருக்க வேண்டும் என்றன. வண்டியைக் கொண்டுவர இன்சூரன்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் எடுக்க வண்டியைக் கொண்டுவர வேண்டும்! நான்காவது கம்பெனி, வண்டி நிற்கும் இடத்தைப் பாலிசியிலேயே எழுதித் தரச் சம்மதித்தது. பிரீமியம் அதிகம், வாயை மூடிக்கொண்டு கட்டினேன். நமக்கு வழக்கமாகத் தருகிற பாலிசிகளில் வெளிநாட்டு முழுக் கவர் இத்தனை நாள் என்று வரம்பு இருக்கும், 90 நாள் என்பது சாதாரணம். அதைத் தாண்டினால் சட்டப்படியான குறைந்தபட்ச தேர்ட் பார்ட்டி மட்டும்தான் மிஞ்சும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அந்த நாட்கணக்கு ஓடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னால், அதையே மின்னஞ்சலில் எழுதி, 'இப்படித்தானே சொன்னீர்கள்' என்று அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, புரோக்கர் வாயே திறக்காத விஷயம்: பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் நம் வண்டி ஐரோப்பாவில் சுங்கக் கணக்கில் தற்காலிக இறக்குமதி. ஆறு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். எனக்கு மார்ச்சில் கெடு முடிகிறது என்று பிப்ரவரியில்தான் தெரிந்தது. மழையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

புரோக்கர் மீது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கிற நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆறாவது வாரம் ஒரு பதில் வந்தது: நல்லெண்ண அடிப்படையில் கிரீன் கார்டுக் கட்டணம் 25 பவுண்டைத் திருப்பித் தருகிறார்களாம், புகாரை முடித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடவில்லை.