ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது: அழிப்பதா, சுருக்குவதா, புதிது வாங்குவதா?

காரைக்குடி வீட்டு மீடியா சர்வரின் (வீடியோக்களைச் சேர்த்துவைத்து டிவிக்குத் தரும் கம்ப்யூட்டர்) 4 டிபி டிஸ்க்கில் 96 சதவீதம் நிரம்பிவிட்டது. உள்ளே இருப்பவை இரண்டு ரகம். ஒன்று, தொலைந்தாலும் திரும்பக் கிடைக்கும் சினிமாக்கள். மற்றது கல்யாணம், மணிவிழா, படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று பழைய கேசட்டுகளிலிருந்து ஏற்றியவை. கேசட்டுகள் பலவும் பூஞ்சை பிடித்துவிட்டன. இந்த ஃபைல்கள்தான் இனி அசல்.

அழிப்பது செலவில்லாத வழி. பார்த்து முடித்த சினிமாக்களை யோசிக்காமல் தூக்கலாம். அதற்கும் முன்னால் ஒன்று: லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டிஸ்க்கை இஎக்ஸ்டி4 என்ற முறையில் ஃபார்மட் செய்தால், 5 சதவீத இடத்தை அது ரூட் யூசருக்கென்று, அதாவது சிஸ்டத்தின் தலைமை நிர்வாகிக்கென்று, ஒதுக்கிவிடும். 4 டிபியில் அது சுமார் 200 ஜிபி! ட்யூன்2எஃப்எஸ் என்ற கமாண்டில் அதை 1 சதவீதமாகக் குறைத்தால், ஒரு ஃபைலைக்கூடத் தொடாமல் 160 ஜிபி கிடைக்கும். வீடியோ மட்டும் வைத்திருக்கும் டிஸ்க்கில்தான் இதைச் செய்ய வேண்டும். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் கூடாது.

சுருக்குவதில்தான் எனக்கு மனக்கசப்பு. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் உள்ள ஃபைலை, அதற்கு அடுத்து வந்த எச்.265க்கு மாற்றினால் பாதியளவுக்குக் குறையும் என்பது உண்மைதான். நல்ல பிரிண்ட் சினிமாவுக்குச் சரி. ஒரு கல்யாண வீடியோவை அப்படி மாற்றி டிவியில் போட்டேன். அப்பத்தா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கண்டாங்கியில கட்டமே தெரியல?" என்றார்கள். நிறுத்திப் பார்த்தேன். சேலையின் கட்டங்கள் ஒரே சாயமாகக் கரைந்திருந்தன. கழுத்தில் கிடந்த கழுத்திருவின் (செட்டிநாட்டுத் தாலி நகை) வேலைப்பாடு மஞ்சள் திட்டாகிவிட்டது. பழைய டேப்பின் இரைச்சலோடு நுணுக்கத்தையும் சேர்த்தே என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) வழித்துவிடுகிறது. அசலை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். மினிடிவி டேப்பில் (பழைய வீடியோ கேமராவின் சின்ன டிஜிட்டல் கேசட்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். ஆகட்டும், அதில் கைவைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி புதிது வாங்குவது. இன்னொரு டிஸ்க் சேர்த்து மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருளில் இரண்டையும் ஒரே ஃபோல்டராகக் காட்டலாம். ஒன்று செத்தால் அதிலிருப்பது மட்டும் போகும். ஒவ்வொரு ஃபைலையும் துண்டாக்கி இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து வைக்கும் ரெய்டு 0 என்றால் எல்லாமே போகும். ஆனால் கெடக்கூடிய டிஸ்க் இரண்டாகிறது, இரண்டாம் பிரதியோ இன்னும் இல்லை.

அதனால் நான் 8 டிபி ஒன்றே வாங்கினேன். கம்ப்யூட்டரில் 7.2 சொச்சம் டிபிதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, கம்ப்யூட்டர் 1024ஆல். காப்பி ஓடி முடிய ஒரு ராத்திரி ஆனது. கரண்ட் போய் வரும் ஊர், ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பிறகு ஆர்சிங் என்ற காப்பி மென்பொருளில் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப் பார்த்த பின்தான் பழைய டிஸ்க்கைக் கழற்றினேன்.

அந்தப் பழைய டிஸ்க்தான் இப்போது இரண்டாம் பிரதியாகத் தேவகோட்டையில் தங்கச்சி வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது, புதிதாகச் சேர்ந்ததை அதில் ஏற்றிவிட்டு வருகிறேன்.